என்னைத் தெரியாதென்று சொன்ன கடைகள்

தருமபுரியில் ஐந்து வருடம் குடியிருந்தேன். அங்கே எனக்கு ஒரு கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட இரண்டு வருடம் வந்தது. சிலிண்டர் மாற்ற வந்தவர் சமையலறையை ஒருமுறை சந்தேகமாக எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இருக்கிறீர்களா இல்லை பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவீர்களா என்று கேட்டார். ஆள் இருந்தேன். அடுப்புக்குத்தான் வேலை இல்லை. காலையில் டீயும், உடம்பு சரியில்லாத நாளில் ஒரு கஞ்சியும்தான் அதில் கொதித்தன. மற்றபடி என்னை வளர்த்தது எங்கள் தெருவில் இருந்த கடைகள்.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரி. நில அளவை அலுவலகத்தில் படம் வரையும் வேலை கிடைத்து, இருபத்தைந்து வயதில் ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு தெருவில் மாடியில் ஒற்றை அறை. நாளெல்லாம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கோடு போட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்குப் பசியோடு வெளியே வருவேன். பசி வந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் இன்னும் பசிக்கும். இந்த இரண்டையும் சமாளிக்கத் தெரிந்த ஒரு மெஸ் எங்கள் தெரு முனையில் இருந்தது.

மெஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் போர்டு கிடையாது. ஒரு வீட்டின் முன்னறையில் நான்கு மேசை, அவ்வளவுதான். உள்ளே சமைப்பவர் வீட்டுக்காரர். அவர் பேசி நான் கேட்டதில்லை. வெளியே பரிமாறுவது அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். குரலும் கரண்டியும் ஒரே சமயத்தில் வந்து விழும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் அந்த வழியாகப் போகும்போது வாசலில் நின்று, "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். மதியத்துக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். "இல்ல" என்று சொன்னால் ஏன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதுவும் சொல்லாமல் போய்விட்டால் பதினோரு மணிக்கு ஆபீசுக்குப் போன் வரும். எங்கள் மேலதிகாரிகூட என்னை அப்படித் தேடியதில்லை.

முதல் புதன்கிழமை அங்கே சாப்பிடப் போய் மானம் போனது. புதனும் சனியும் அங்கே களி நாள். தட்டில் கறுப்பாக ஒரு உருண்டை, பக்கத்தில் கீரைக் கடைசல். எங்கள் ஊரில் சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் பலகாரம். இருந்தாலும் நாலு பேர் நடுவில் தெரியாததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, நன்றாக மென்றேன். களி பல்லில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அக்கா வந்து, மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். வாய் விடுதலையானதும், இது என்ன சாப்பாடா மாத்திரையா என்று சீறினேன். மெஸ்ஸே சிரித்தது. உள்ளேயிருந்து வீட்டுக்காரரும் சிரித்த சத்தம் கேட்டது. மூன்றாவது மாதம் நான் இரண்டு உருண்டை விழுங்கிவிட்டு மூன்றாவதற்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

மெஸ்ஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. கடைக்கார அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். நகல் எடுக்கக் கொடுக்கும் தாளை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கண்ணாடிமேல் வைப்பார். என் மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து, சமூக அறிவியலில் கோட்டை விட்டிருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். பக்கத்து வீட்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தை அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே படித்து முடித்தவர் அவர். என் ஜாதகத்தைப் பன்னிரண்டு தடவை நகல் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், "வரன் இன்னும் அமையலீங்களா?" என்று என் கண்ணைப் பார்க்காமல் கேட்பார். நான் பதில் சொல்லாவிட்டால் தாளை ஒரு கவரில் போட்டுக் கொடுப்பார். கவர் அவருடைய ஆறுதல்.

மூன்றாவது, தட்டுவடை செட் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறக்கும். உள்ளங்கை அகலத்தில் மொறுமொறுப்பாக இரண்டு தட்டுவடை, அவற்றுக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலும் கீழும் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும். வாயை அகலத் திறந்து ஒரே வாயாகப் போட்டுக்கொள்ள வேண்டும். யோசித்துக் கடித்தால் சட்னி முழங்கைக்கு வழியும். கடையை நடத்தியவர்கள் கணவனும் மனைவியும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சண்டை தெலுங்கில் நடக்கும், சமாதானம் தமிழில். ஊர்க் கதை முழுவதையும் நம்மிடம்தான் சொல்வார்கள். வாய் நிறைய வைத்துக்கொண்டு நிற்கிறவர் மறுத்துப் பேச முடியாது அல்லவா, அதுதான் அவர்களுக்கு வசதி.

நான் அங்கே போன நாலாவது வருடம் ஒரு சம்பவம் நடந்தது. ஆபீசுக்கு வரைபடம் கேட்டு வந்த ஒருவன், பைக்கில் எங்கள் தெருவுக்கு வந்து என்னைப் பற்றி விசாரித்திருக்கிறான். தட்டுவடை அண்ணன் வெள்ளந்தியாக மாடி வீட்டைக் கைகாட்டிவிட்டார். அதிலிருந்து ஒரு வாரம் தினமும் சாயங்காலம் அவன் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். நான் பயந்துபோய் ஜன்னலைத் திறப்பதையே விட்டேன். எட்டாம் நாள் மெஸ் அக்கா குழம்புக் கரண்டியோடு அவனிடம் போனார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பைக்கைத் தள்ளிக்கொண்டே போனான், ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை. அன்றைக்கே அக்கா தெருவுக்கு ஒரு சட்டம் போட்டார். இந்தப் பிள்ளையைப் பற்றி இனி எவன் வந்து கேட்டாலும், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். தட்டுவடை அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அடுத்த வருடம் எனக்கு முப்பது முடிந்தது. பதினோரு ஜாதகம் போய்ப் பதினொன்றும் திரும்பியிருந்தன. பன்னிரண்டாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பம்ப் செட் கம்பெனியில் வேலை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, நாங்களும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார்கள். மூன்றாவது தடவை பேசும்போது தருமபுரியில் சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. தட்டுவடை செட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். மறுமுனையில் சத்தமே இல்லை. இதுவும் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் அவர் நிதானமாக, "அந்தப் பச்சைச் சட்னியில புதினாவா, மல்லியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் விழுந்துவிட்டேன். இவர் இல்லை என்றால் இனி ஜாதகத்தையே தூக்கிப் போட்டுவிடலாம் என்ற அளவுக்கு விழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வரன் விஷயத்தில் பெண் முந்திக்கொண்டு ஆசைப்பட்டால் திருஷ்டி பட்டுவிடும் என்று அம்மா சொல்வாள்.

பெண்ணைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வர மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெருமுனைக் கடைக்குத்தான் வருவார்கள். அப்பனும் ஆத்தாளும் மறைப்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கை. அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை, நான் ஆபீசில் இருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் மஞ்சப்பையோடு எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். எனக்கு அதைச் சொன்னது என் அப்பா. சனிக்கிழமை காலையில் போன் செய்து, ஒரு மாதிரிக் குரலில், "ஏம்மா, நீ தர்மபுரியிலதான இருக்க?" என்று கேட்டார்.

அவர் சொன்னதைக் கேட்டு நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு பெண்ணே அந்தத் தெருவில் இல்லை என்று தாய்மாமன் கோயம்புத்தூர் போய்ச் சொல்லியிருக்கிறார். மூன்று கடையில் கேட்டாராம். மூன்றிலும் தெரியாது என்றார்களாம். முகவரியே பொய் என்றால் மற்றதெல்லாம் எப்படி உண்மையாக இருக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டார்களாம். அப்பாவுக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

தலையைக்கூடச் சீவாமல் கீழே இறங்கினேன். முதலில் ஜெராக்ஸ் கடை. நான் கேட்பதற்குள் அண்ணனே பெருமையாகச் சொன்னார், ஒருத்தன் மஞ்சப்பையோடு வந்து துருவித் துருவிக் கேட்டானாம், இவர் பிடி கொடுக்கவே இல்லையாம். என் படத்தைக் காட்டியிருக்கிறார் அந்த மனிதர். இவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஜாடையில் இந்த ஏரியாவிலேயே ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெள்ளைத் தாளாகிவிட்டது. பன்னிரண்டாவது நகலைத் தன் கையால் கவரில் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே.

தட்டுவடை அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். முன்பு செய்த தப்புக்குப் பரிகாரமாகத் தாய்மாமனைத் தெருவை விட்டே கடத்த வேண்டும் என்று முடிவு செய்து, அப்படி ஒரு பெண்ணைத் தெரியாது, வேண்டுமானால் பென்னாகரத்து ஆபீசில் இருக்கும் என்று அடித்துவிட்டு, கையோடு அழைத்துப்போய் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏற்றியும் விட்டிருக்கிறார். பாவம் அந்த மனிதர் பஸ்ஸில் தூங்கிவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வரைக்கும் போய், வந்ததற்கு அருவியைப் பார்த்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். பெண் கிடைக்கவில்லை, மீன் நன்றாக இருந்தது என்றுதான் ஊரில் போய்ச் சொன்னாராம். பஸ் ஏற்றிவிட்ட கதையை அண்ணன் என்னிடம் சொல்லும்போதே அவர் மனைவி தெலுங்கில் ஆரம்பித்துவிட்டார். அந்தச் சண்டைக்கு அன்று தமிழில் சமாதானம் வரவில்லை.

கடைசியாக மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மற்ற இருவரிடமும் கத்தியதுபோக மிச்சமிருந்த கோபத்தை எல்லாம் அவரிடம் கொட்டினேன். சட்டம் போட்டவரே அவர்தானே. தோற்றத்தைப் பார்த்தால் நல்லவர் யார், பொறுக்கி யார் என்று தெரியாதா என்று கேட்டேன். அறுபது வயது மனிதர் வேட்டி கட்டிக்கொண்டு பெண் பின்னால் சுற்றுவாரா என்று கேட்டேன்.  வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், தெரியாது என்று சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செய்த தப்பு உறைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அன்றும் மறுநாளும் மெஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எதிர்ப்பக்கமாக நடந்தேன். அறைக்குள்ளேயே பிரெட்டைத் தின்றுகொண்டு கிடந்தேன். சனிக்கிழமை களி நாள் வேறு. அழுகை வந்ததற்கு வரன் பாதிக் காரணம், களி பாதிக் காரணம். அக்காவிடமிருந்து போன் வரும், எடுக்காமல் விட வேண்டும் என்று காத்திருந்தேன். இரண்டு நாளும் போன் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டார். ஒகேனக்கல் கதையைக் கேட்டுத் தானும் சிரித்ததாகச் சொன்னார். தனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை, அதனால் தன் அக்கா புதன்கிழமை நேரில் வந்து விசாரிக்கப் போகிறாள், அவள் சொல்வதுதான் முடிவு என்றார். கடைக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியம் செய்த கையோடு கீழே இறங்கி ஜெராக்ஸ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டு கடைக்கும் அவர் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். மெஸ்ஸுக்கு நானே போக வீம்பு விடவில்லை.

புதன்கிழமை என்ன நடந்தது என்பது என் நாத்தனார் பின்னால் சொல்லித்தான் தெரியும். அதை அவர் இன்றைக்கும் விசேஷ வீடுகளில் நடித்துக் காட்டுகிறார். ஜெராக்ஸ் அண்ணன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தாராம். கேட்பதற்கு முன்பே ஒப்பிக்க ஆரம்பித்தாராம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண் என்றாராம். மாடி அறைக்கு ஏது வாசல் என்று நாத்தனார் கேட்டதும், மொட்டை மாடியில் போடும் என்றாராம். தட்டுவடை அண்ணன், அந்தப் பெண் கடைப் பண்டத்தைக் கையால் தொடாது என்று அடித்துச் சொன்னாராம். உடனே அவர் மனைவி, "தொடாதுன்னா நமக்கு எப்பிடிங்க அந்தப் பாப்பாவத் தெரியும்?" என்று கேட்டுவிட்டாராம். போன வாரம் இல்லவே இல்லாத பெண் இந்த வாரம் தெய்வமாகிவிட்டதில் நாத்தனாருக்குத் தலை சுற்றிவிட்டது. பசியும் சேர்ந்துகொள்ள, மெஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே அன்று களி. நாத்தனாரும் அதை மென்றிருக்கிறார்.

மெஸ் அக்கா வந்து விழுங்கச் சொல்லித் தந்துவிட்டு, "நீங்க கோயமுத்தூருங்களா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாராம். நாத்தனார் மற்ற எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். இதை மட்டும் நடிக்காமல் அப்படியே சொல்வார்.

"அந்தப் புள்ளக்கிச் சமைக்கத் தெரியாதுங்க. கோவம் வரும். பசி எடுத்தா கண்ணு தெரியாது. ஆனா எதா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிரும், பின்னால போயிப் பேசாது. போன வருசம் நான் காய்ச்சல்ல படுத்தப்ப, நாலு நாளு ஆபீசுக்கு லீவு போட்டுட்டு இங்க வந்து எல்லாருக்கும் பரிமாறுச்சு. ஒரு நாளு சாம்பார் நான் வைக்கிறேன்னு வச்சுச்சு, ஒருத்தரும் வாயில வைக்கல, அது வேற. அது மாதிரி ஒண்ணு எங்க வூட்ல பொறந்திருந்தா நான் வெளியூருக்குக் குடுத்திருக்கவே மாட்டேங்க. நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க."

அந்த வாரமே நிச்சயம் பேசினார்கள். ஜெராக்ஸ் அண்ணன் பத்திரிகையின் அச்சுப் பிரதியைப் படித்து ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு மூன்று கடையையும் அடைத்துவிட்டு எல்லோரும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். தாய்மாமனைப் பார்த்ததும் தட்டுவடை அண்ணன் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தாய்மாமன்தான் தேடிப் போய், அந்த மீன் கடைக்கு மறுபடி எந்த பஸ்ஸில் போவது என்று விசாரித்தார். மூன்று மாதம் கழித்து எனக்குக் கோயம்புத்தூருக்கே மாறுதல் கிடைத்தது. அறையைக் காலி செய்யும் நாளில் சாமான்களை என் கணவர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்க, நான் மட்டும் மதியம் மெஸ்ஸுக்குப் போனேன். கூட்டம் கலைந்திருந்தது. அக்கா எனக்குச் சோறு போட்டார்.

நாத்தனாரிடம் அப்படிப் பேசியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். நன்றி என்ற சொல் எனக்குச் சுலபமாக வராது. அதனால், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அன்றைக்கு நான் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், ஆள் அடையாளம் தெரியாமல் நடந்த தப்புதானே என்று சொன்னேன். அக்கா ரசச் சட்டியை மேசைமேல் வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் பாப்பா," என்றார். "மஞ்சப்பைய மடியில வச்சுக்கிட்டு, பொண்ணு கொணம் எப்பிடீங்கன்னு கேட்டாரு. கெட்டவன் அப்பிடியா கேப்பான்? மாப்ள வூட்டுக்காரருன்னு தெரிஞ்சுதான் தெரியாதுன்னேன்."

நான் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"சொன்னா கூட்டிக்கிட்டுப் போயிருவாங்கல்ல. அன்னைக்கு மனசு வரல. இது ஒண்ணு போனா இன்னொண்ணு வரும்னு நெனச்சேன். அப்புறம் நீ ரெண்டு நாளு சோத்துக்கு வரல. களி அன்னைக்குக் கூட வரல. அப்பத்தான் நீ அவரத்தான் கட்டிக்கணும்னு இருக்கறன்னு தெரிஞ்சுது. போன் பண்ண எனக்கு மூஞ்சி இல்ல."

என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த பெண்பிள்ளை எதிரில் நிற்கிறாள். நியாயமாக நான் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க வேண்டும். அதற்கு மாறாக ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தேன். என்னை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் பொய் சொன்னவர் அதுவரை என் வாழ்க்கையில் யாரும் இல்லை. என் அப்பாகூட முப்பது வயதுவரை என்னை எப்படி அனுப்பி வைப்பது என்றுதான் கவலைப்பட்டார். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அக்கா தட்டைப் பார்த்து, போதுமா என்று கேட்டார். போதாது, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்றேன். போட்டார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.